வருந்தி அழைத்தலும் வருத்தி அழைத்தலும்

லூக்கா நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தில் பெருவிருந்து உவமை வருகிறது. விருந்து ஆயத்தமான பிறகு, அழைக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராகச் சாக்குச் சொல்லத் தொடங்குகின்றனர். ஒருவர் வயல் வாங்கியிருக்கிறார். ஒருவர் ஏர்மாடு வாங்கியிருக்கிறார். ஒருவருக்கு இப்போதுதான் திருமணம் ஆகியிருக்கிறது. சினமுற்ற வீட்டுத்தலைவர் நகரத் தெருக்களிலிருந்து ஏழைகளையும் ஊனமுற்றோரையும் வரவழைக்கிறார். அப்பொழுதும் இடம் எஞ்சுகிறது. ஆகவே பணியாளர் மீண்டும் அனுப்பப்படுகிறார். இம்முறை ஊருக்கு வெளியே, பெருவழிகளுக்கும் வேலியோரங்களுக்கும். அங்கிருப்போரை எவ்வாறு உள்ளே கொண்டுவர வேண்டும் என்று தலைவர் இடும் கட்டளையில் ஒரு வினைச்சொல் இருக்கிறது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கிறிஸ்தவ உலகம் 1500 ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டது. வாதத்தோடு நின்றிருந்தால் குறையொன்றுமில்லை. அபராதமும் சிறையும் நாடுகடத்தலும் அச்சொல்லின் நிழலில் வந்து நின்றன.

கிரேக்க மூலத்தில் அந்த வினை ‘அனங்காசோ’ என்பது. தவிர்க்க முடியாத நிலைக்கு ஒருவரைக் கொண்டுவருதல் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். உடல் வலிமையாலும் அது நிகழலாம். சொல்லின் வலிமையாலும் நிகழலாம். புனித எரோணிமுசின் பெயரோடு வழங்கும் இலத்தீன் விவிலியமான வுல்காத்தாவில் அது ‘கொம்பெல்லெ’ என்றாயிற்று. தமிழில் என்ன ஆயிற்று என்பதுதான் வியப்பு. சீர்திருத்தச் சபைச் சகோதரரிடையே வழங்கிவரும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, ‘வருந்தி’க் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறது.

வருந்தி! இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ‘வருந்தி வருந்தி அழைத்தார்கள், போகாமல் இருக்க முடியவில்லை’ என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. வாசற்படியில் நின்று, கையைப் பற்றி, ஒரு வாயாவது சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும் என்று மன்றாடும் அழைப்பு அது. அங்கே வருந்துபவர் யார்? அழைப்பவர். அழைக்கப்படுபவருக்கு நோவில்லை. இலக்கணம் பயின்றோர் உடனே கண்டுகொள்வர்: ‘வருந்து’ என்பது தன்வினை, ‘வருத்து’ என்பது பிறவினை. ‘திருந்து’, ‘திருத்து’ என்பதைப் போல. மெல்லினத்து நகர மெய் வல்லினத்துத் தகர மெய்யாக மாறிவிட்டால், நோவு அழைத்தவரை விட்டு அழைக்கப்பட்டவர்மேல் போய் விழுகிறது. வருந்தி அழைத்தலுக்கும் வருத்தி அழைத்தலுக்கும் இடையே இருப்பது ஓர் எழுத்து.

உவமையின் சூழலுக்கும் ‘வருந்தி’ என்பதே பொருந்துகிறது. வேலியோரத்தில் படுத்துக் கிடப்பவனிடம் ஒரு பணியாளர் சென்று, பெரியவீட்டு விருந்துக்கு உன்னை அழைக்கிறார்கள் என்றால் அவன் நம்புவானா? கேலி செய்கிறார்கள் என்று நினைப்பான். கந்தலோடு எப்படி வருவேன் என்று பின்வாங்குவான். அவனுடைய தயக்கம் பகைமை அன்று, கூச்சம். கூச்சத்தைப் போக்கக் கோல் தேவையில்லை. மேலும், ஒரே ஒரு பணியாளர்தான் அனுப்பப்படுகிறார் என்பதையும் நாம் கவனிப்பதில்லை. தனியொருவர் ஒரு கூட்டத்தை எப்படி இழுத்து வருவார்?

லூக்காவே இன்னொரு சான்றும் தருகிறார். எம்மாவு வழியில், மேலும் அப்பால் போகிறவர்போலக் காட்டிக்கொண்ட உயிர்த்த ஆண்டவரைத் தங்களோடு தங்கும்படி சீடர் இருவர் தடுத்து நிறுத்துகின்றனர். அங்கே கிரேக்கத்தில் வரும் சொல் ‘வன்மை’ என்னும் பொருளுடைய வேரிலிருந்தே பிறந்தது. வுல்காத்தாவும் தயங்காமல் ‘கோகெரே’ என்னும் வினையை, அதாவது ‘கட்டாயப்படுத்து’ என்பதை, அங்கே இடுகிறது. பிலிப்பி நகரில் செந்நிற ஆடை விற்ற லீதியா, பவுலையும் தோழர்களையும் தம் வீட்டில் தங்கவைத்த செய்தியிலும் அதே சொற்கள்தாம். அந்த இரு சீடரும் ஆண்டவரை வாளைக் காட்டி வீட்டுக்குள் தள்ளினார்கள் என்றோ, லீதியா பவுலைச் சங்கிலியிட்டு இழுத்துச் சென்றார் என்றோ எந்த உரையாசிரியரும் எழுதியதில்லை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர் இவ்விரு இடங்களிலும் ‘வருந்தி’ என்றே எழுதினர். மூன்று விருந்தோம்பல் காட்சிகளுக்கும் ஒரே சொல். இந்த ஒருமைப்பாடு தற்செயலானதன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்று அந்த வினைக்கு ஈடாக நம் நாவில் முதலில் வருவது ‘வற்புறுத்து’ என்பது. அதுவும் ஒரு காலத்தில் மென்மையான சொல்லாகவே இருந்தது. சங்க அகப்பாடல்களின் துறைக் குறிப்புகளில் ‘தோழி வற்புறுத்தியது’ என்று காண்கிறோம். பிரிவால் வாடும் தலைவியைத் தோழி மிரட்டினாள் என்பது அதன் பொருளன்று. தலைவன் வருவான் என்று உறுதி சொல்லி, தளர்ந்த நெஞ்சுக்கு வலிமை ஊட்டினாள் என்பதே பொருள். வன்மை உறச்செய்தல். அதாவது, கேட்பவருக்கு வலிமை தருவதாய் இருந்த சொல், சொல்பவரின் வலிமையைக் காட்டும் சொல்லாகத் தேய்ந்துவிட்டது. சொற்களுக்கும் இப்படி ஒரு வீழ்ச்சி உண்டு போலும்.

இனி இலத்தீனுக்கு வருவோம். ஏனெனில் வழக்கு நடந்தது அந்த மொழியில்தான். ‘கொம்பெல்லெரே’, ‘கோகெரே’ ஆகிய இரண்டுமே மந்தை மேய்ப்போரின் மொழியிலிருந்து வந்தவை. முன்னது ஒன்றாகச் சேர்த்துத் தள்ளுவது. பின்னது ஒன்றாகச் சேர்த்து ஓட்டுவது. மாடு முதலில், மனிதர் பிறகு. இவற்றுக்கு எதிர்முனையில் நிற்கும் வினை ‘சுவாதேரே’. அறிவுரைத்தல், இணங்கச் சொல்லுதல், இனிதாக எடுத்துரைத்தல் என்றெல்லாம் அதைத் தமிழ்ப்படுத்தலாம். இனிமையைக் குறிக்கும் ‘சுவாவிஸ்’ என்னும் இலத்தீன் சொல்லும் அதுவும் ஒரே வேரின் பிள்ளைகள். வடமொழியின் ‘ஸ்வாது’, கிரேக்கத்தின் ‘ஹேதுஸ்’, ஆங்கிலத்தின் ‘ஸ்வீட்’ எல்லாம் அக்குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் ‘சுவை’யையும் அந்தப் பந்தியில் உட்கார வைக்க ஆசை எழும்; ஆனால் ஓசை ஒற்றுமை மட்டுமே உறவுக்குச் சான்றாகிவிடாது. ஆங்கிலத்தில் இன்று வழங்கும் ‘பெர்சுவேட்’ என்னும் சொல், ‘சுவாதேரே’க்கு ‘பெர்’ என்னும் முன்னொட்டுச் சேர்ந்ததிலிருந்து வந்தது. அம்முன்னொட்டு வினை முற்றுப்பெற்றதைக் காட்டும். முன்னொட்டு இல்லாத வெறும் ‘சுவாதேரே’வில் அந்த வெற்றி உறுதியில்லை. எடுத்துரைத்தாயிற்று, ஏற்பதும் ஏற்காததும் கேட்பவர் கையில்.

இன்னும் ஒன்று. செவ்வியல் இலத்தீனில் ‘கட்டாயப்படுத்து’ என்னும் வினைகள் இரண்டாம் வேற்றுமையை ஏற்கும்: ஒருவனை ஓட்டுகிறேன், ஒருவனைத் தள்ளுகிறேன். ‘சுவாதேரே’வோ நான்காம் வேற்றுமையை ஏற்கும்: ஒருவனுக்கு எடுத்துரைக்கிறேன். தமிழிலும் ‘ஐ’ உருபுக்கும் ‘கு’ உருபுக்கும் இடையே உள்ள தொலைவை நாம் அறிவோம். முதலாவதில் எதிரில் இருப்பவர் செயப்படுபொருள். இரண்டாவதில் அவர் கொள்வோர். உரோமையர் இவ்வினையைத் தெய்வமாகவே உருவகித்து, ‘சுவாதா’ என்று பெயரிட்டனர். சொற்பயிற்சிப் பள்ளிகளில், வரலாற்று மனிதர் ஒருவர் முடிவெடுக்கத் தயங்கும் தருணத்தைக் கற்பனை செய்து, அவருக்கு அறிவுரை கூறும் பாடமும் இவ்வேரின் பெயராலேயே வழங்கிற்று.

விவிலியத்தில் இவ்வினை வரும் இடங்களுள் மறக்கமுடியாதது அகிரிப்பா அரசனின் அவை. சங்கிலியோடு நிற்கும் பவுல் தம் கதையைச் சொல்லி முடிக்கிறார். இவ்வளவு சுருக்கத்தில் என்னைக் கிறிஸ்தவனாக்கப் பார்க்கிறீரே என்கிறான் அரசன். கிரேக்கத்தில் ‘பெய்தோ’, வுல்காத்தாவில் ‘சுவாதேரே’. அரசன் கிறிஸ்தவன் ஆகவில்லை. எழுந்து போய்விடுகிறான். சுருக்கமோ நீட்டமோ, எல்லாரும் இச்சங்கிலி நீங்கலாகத் தம்மைப்போல் ஆகவேண்டும் என்று இறைவனை வேண்டுவதாகச் சொல்லிவிட்டுப் பவுல் சிறைக்குத் திரும்புகிறார். அந்த அவையில் சங்கிலி யார் கையில் இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

தொடக்கத் திருச்சபை இந்த நிலையிலேயே நெடுங்காலம் இருந்தது. கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், ஏறத்தாழ 212இல், ஆப்பிரிக்க ஆளுநர் ஸ்காப்புலாவுக்கு எழுதிய மடலில், சமயத்தைக் கட்டாயப்படுத்துவது சமயத்துக்கே உரிய செயலன்று என்று வாதிட்டார். ஒரு நூற்றாண்டு கழித்து இலக்தான்சியு, இலத்தீனில் சொல்லைக் குறிக்கும் ‘வெர்பா’வையும் அடியைக் குறிக்கும் ‘வெர்பெரா’வையும் எதிரெதிரே நிறுத்தி, முன்னதுதான் வேண்டும் என்றார். ஓர் அசை கூடினால் சொல் அடியாகிவிடுகிறது. நம் ஓர் எழுத்தைப்போல. அடிபட்டுக்கொண்டிருந்தவர்களின் வாதம் இது என்று எளிதாக ஒதுக்கிவிடலாம். ஆட்சி கைக்கு வந்தபின் அந்த வாதம் என்னவாயிற்று என்பதில்தான் சோதனை இருந்தது.

அந்தச் சோதனை புனித அகுஸ்தீனுக்கு வந்தது. ஹிப்போ நகரின் ஆயராக அவர் பொறுப்பேற்ற காலத்தில் வட ஆப்பிரிக்காவின் கிறிஸ்தவர் இரண்டாகப் பிளந்து கிடந்தனர். தொனாத்தியர் எனப்பட்டோர், கொடுமைக்காலத்தில் தளர்ந்துபோன ஆயர்களின் கைவழி வந்த அருளடையாளங்களை ஏற்க மறுத்துத் தனிச்சபையாய் நின்றனர். அவர்களைச் சார்ந்த முரட்டுக் குழுக்கள் கத்தோலிக்கக் குருக்களை அடித்தும் கண்ணைப் பறித்தும் கொடுமை செய்தன. அகுஸ்தீன் முதலில் சொல்லையே நம்பினார், வாதத்துக்கு அழைத்தார், கடிதம்மேல் கடிதம் எழுதினார். 405இல் பேரரசர் ஓனோரியு, தொனாத்தியருக்கு எதிரான சட்டங்களை இறுக்கினார். அச்சத்தால் ஊர்கள் திரும்பத் தொடங்கின. சில ஆண்டுகளில் அகுஸ்தீன், வின்சென்சியு என்பவருக்கு எழுதிய நீண்ட மடலில் தம் மனமாற்றத்தை ஒளிக்காமல் எழுதினார்: யாரையும் ஒற்றுமைக்குக் கட்டாயப்படுத்தலாகாது என்பதே தம் பழைய கருத்து என்றும், அதை மாற்றியவை வாதங்கள் அல்ல, நேரில் கண்ட எடுத்துக்காட்டுகள் என்றும் கூறினார். முதல் எடுத்துக்காட்டு, முழுவதும் தொனாத்தியராய் இருந்து சட்டத்துக்கு அஞ்சித் திரும்பிய அவருடைய சொந்த ஊரே.

417இல் தளபதி போனிபாசுக்கு எழுதிய மடலில் நம் உவமை முழுவதுமாக வந்துவிடுகிறது. விருந்துக்கு முதலில் வந்தோர் மென்மையாக அழைத்துவரப்பட்டனர். கடைசியில் வந்தோர் கட்டாயப்படுத்தப்பட்டனர். பெருவழிகளும் வேலிகளும் என்பவை பிரிவினைகளும் தப்பறைகளும். அரசர்கள் கிறிஸ்தவர் ஆவதற்கு முந்திய காலம் ஒன்று, பிந்திய காலம் ஒன்று. இந்த விளக்கத்தின் கட்டுக்கோப்பு நம்மை மலைக்க வைக்கிறது. ஆனால், வேலியோரத்து ஏழையின் கூச்சம் இங்கே பிரிவினையாளனின் பிடிவாதமாகிவிட்டது. விருந்துக்கு அழைத்த பணியாளர், அரசாணை ஏந்திய அலுவலர் ஆகிவிட்டார்.

அகுஸ்தீனுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் இரண்டு செய்திகளைச் சொல்லியாக வேண்டும். அவர் கேட்டது அபராதமும் தடையும். கொலைத்தண்டனையை அவர் ஏற்கவில்லை. தம் குருக்களுள் ஒருவரைக் கொன்று, மற்றொருவரின் கண்ணைப் பறித்தவர்களுக்குக்கூட அதே தண்டனை வேண்டாம் என்று மர்செல்லீனுக்கு எழுதி மன்றாடினார். இரண்டாவது செய்தி இதைவிடப் பெரியது. யோவான் நற்செய்திக்கு அவர் ஆற்றிய மறையுரைகளில், தந்தை ஈர்த்தாலன்றி எவரும் வர இயலாது என்னும் ஆறாம் அதிகாரச் செய்தியை விளக்கும் இடத்தில், ஈர்த்தல் என்றால் என்ன என்று கேட்கிறார். ஆட்டுக்குப் பசுந்தழையைக் காட்டு, அது பின்னால் வரும். சிறுவனுக்குக் கொட்டைகளைக் காட்டு, அவன் ஓடி வருவான். உடலில் கயிறு இல்லை. நெஞ்சின் விருப்பமே கயிறு. கோவிலுக்குள் மனமின்றி நுழையலாம், பீடத்தருகே மனமின்றிச் செல்லலாம், மனமின்றி நம்ப மட்டும் இயலாது என்பது அவர் கண்ட முடிவு. கிராமத்தில் ஆடு மேய்த்த எவரும் அந்த உவமையைக் கேட்டுத் தலையாட்டுவர். மந்தையை ஓட்டும் வினையிலிருந்து பிறந்த சொல்லுக்கு, மந்தையைக் கொண்டே அவர் மறுமொழி சொல்லியிருக்கிறார். ஒரே மனிதர், ஒரே மறைமாவட்டம். பின்வந்தோரில் வாளை விரும்பியோர் போனிபாசு மடலை எடுத்துக்கொண்டனர். பசுந்தழையை விரும்பியோர் மறையுரையை எடுத்துக்கொண்டனர்.

‘சுவாதேரே’ என்னும் வினையைத் தன் பேனாவால் எழுதி, ஓர் ஆயருக்குக் கட்டளையாகவே அனுப்பிய திருத்தந்தை பெரிய கிரகோரியார். தெராச்சினா என்னும் ஊரின் ஆயர் பேதுரு, அங்கிருந்த யூதர்களைத் தொழுகையிடத்திலிருந்து விரட்டுகிறார் என்ற முறையீடு 591இல் உரோமைக்கு வந்தது. கிறிஸ்தவ நம்பிக்கைக்கு வேறுபட்டோரைச் சாந்தத்தாலும் பரிவாலும், அறிவுரைத்தும் இனிதாய் எடுத்துரைத்துமே ஒன்றுசேர்க்க வேண்டும். மிரட்டினால், கேட்க வந்திருக்கக்கூடியவர்களும் விலகிப்போவர் என்று அவர் எழுதினார். அதே ஆண்டில் மர்சேய், ஆர்ல் ஆயர்களுக்கும் மடல் சென்றது. அந்தப் பகுதிகளில் யூதர் பலர் போதனையால் அல்லாமல் வன்முறையால் திருமுழுக்குத் தொட்டிக்குக் கொண்டுவரப்படுவதாக, வணிகத்துக்காகப் போய்வந்த யூதர்களே உரோமையில் முறையிட்டிருந்தனர். அவர்கள் முறையீட்டைத் திருத்தந்தை செவிமடுத்தார் என்பதே அந்தக் காலத்துக்குப் பெரிய செய்தி. ஆயர்களின் நோக்கத்தைப் பாராட்டிய கிரகோரியார், வழியைக் கண்டித்தார்.

இத்துடன் நிறுத்திவிட்டால் அழகான வரலாறாக இருக்கும். நிறுத்த முடியாது. சிசிலித் தீவில் திருச்சபைக்குப் பரந்த நிலங்கள் இருந்தன. அவற்றில் யூதக் குத்தகைக்காரர்களும் இருந்தனர். 594இல் கிரகோரியார் அங்கிருந்த திருத்தொண்டர் சிப்ரியானுக்கு ஓர் ஆணை அனுப்பினார்: திருமுழுக்குப் பெறுவோருக்குக் குத்தகைப் பணத்தில் ஒரு பங்கு குறைக்கப்படும், ஒரு பொற்காசு கட்டுபவருக்கு மூன்றில் ஒரு பங்கு. இப்படி வருவோர் அரைகுறை நம்பிக்கையோடு வந்தாலும், அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் நல்ல நம்பிக்கையோடு திருமுழுக்குப் பெறுவர் என்பது அவர் கணக்கு. அதே ஆண்டில் சார்தீனியாத் தீவின் ஆயர் சனுவாரியுக்கு எழுதியது இதற்கு நேர்மாறு: பிற தெய்வங்களை விடாத குடியானவர்கள்மேல், மனம் திரும்பும்வரை குத்தகையை ஏற்றுக.

தடியில்லை, வாளில்லை. கணக்கேட்டில் ஒரு வரி மட்டும் மாறுகிறது. இது சுவாதேரேயா, கொம்பெல்லெரேயா? குத்தகையைக் குறைப்பது தேனாகத் தெரிகிறது. ஏற்றுவது கசையாகத் தெரிகிறது. நிலத்தை உழுபவனுக்கு இரண்டும் ஒரே கையிலிருந்து வருகின்றன. நிலக்கிழாரின் இனிய சொல்லுக்கு உள்ள எடை, வழிப்போக்கனின் இனிய சொல்லுக்கு இல்லை. கிரகோரியாரைத் தீர்ப்பிட நமக்குத் தகுதியில்லை என்பர் சிலர். இருக்கட்டும். ஆயினும் தெராச்சினாவுக்கு எழுதிய கையே சிசிலிக்கும் எழுதியது என்பதை மறைத்தால், வரலாறு எழுதியவர்கள் ஆகமாட்டோம்.

இரு நூற்றாண்டுகளுக்குப் பின், எல்பே ஆற்றின் கரைவரை பரந்திருந்த சாக்சனியர் நாட்டில், கணக்கேடும் வாளும் சேர்ந்தே வந்தன. பிராங்கு அரசர் சார்லமேன் அவர்களோடு முப்பதாண்டுப் போர் நடத்தினார். 782இல் வெர்தன் என்னுமிடத்தில் 4500 பேர் ஒரே நாளில் தலை கொய்யப்பட்டதாக அரசவை ஆண்டுக்குறிப்பே கூறுகிறது. அதையொட்டி வந்த சட்டம், திருமுழுக்கை இகழ்ந்து மறைந்து வாழ்வோருக்குச் சாவு என்றது. தவக்காலத்தில் வேண்டுமென்றே இறைச்சி உண்போருக்கும் சாவு என்றது. திருமுழுக்குப் பெற்றவர்கள் உடனே பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குக் கட்ட வேண்டும்.

இதை எதிர்த்து எழுதியவர் அரசவையின் ஆசிரியர். இங்கிலாந்தின் யார்க் நகரத்தவரான அல்குயின், சார்லமேனின் மக்களுக்குக் கல்வி கற்பித்தவர், அரசரின் நண்பர். 796இல் ஆவர் இனத்தாரும் தோற்று, அவர்களுக்கும் அதே மருந்து ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது, அவர் அரசருக்கும், கருவூல அதிகாரி மெகின்பிரிதுவுக்கும், சால்ஸ்பர்க் ஆயர் ஆர்னுவுக்கும் மடல்கள் எழுதினார். நம்பிக்கை மனமுவந்து வருவது; மனிதரை அதனிடம் ஈர்க்கலாம், ஓட்டிவர இயலாது; திருமுழுக்குக்கு ஓட்டிவரலாம், அதனால் நம்பிக்கைக்கு ஒரு பயனுமில்லை. இதற்கு அவர் சான்றாக நிறுத்தியது அகுஸ்தீனின் பெயரை! பசுந்தழை அகுஸ்தீனை, போனிபாசு அகுஸ்தீனுக்கு எதிராக. பத்திலொரு பங்கை வசூலிப்பதில் காட்டிய விடாமுயற்சியை, கிறிஸ்துவின் எளிய நுகத்தைப் போதிப்பதில் காட்டியிருந்தால் சாக்சனியர் திருமுழுக்கை இவ்வளவு வெறுத்திருக்கமாட்டார்கள் என்று கருவூல அதிகாரிக்கே எழுதத் துணிவு வேண்டும். நம்பிக்கையில் பிறந்து வளர்ந்த நாமே முழுப்பங்கையும் மனமொப்பிக் கொடுப்பதில்லையே என்ற பொருள்படவும் எழுதுகிறார். வசூலுக்குப் போன எந்தப் பங்குப் பேரவை உறுப்பினருக்கும் இது விளங்கும். 797இல் சாக்சனியருக்கு வெளியான புதிய சட்டம் பெரும்பாலான குற்றங்களுக்குத் தண்டத்தொகையோடு நின்றது.

இடைக்காலத்தை விரைந்து கடப்போம். புனித தோமா அக்குவினாசு, ஒருபோதும் நம்பிக்கையை ஏற்காதவர்களைக் கட்டாயப்படுத்தலாகாது என்றார். ஏற்றுப் பின் விலகியவர்களைக் கட்டாயப்படுத்தலாம் என்றார். அந்த இரண்டாம் பகுதியின் வழியே விசாரணை மன்றங்கள் நடந்தன. பிரான்சில் பதினான்காம் லூயி, 1681 முதல் சீர்திருத்தச் சபையாரின் வீடுகளில் குதிரைப்படையினரைக் குடியேற்றி அவர்களை அலைக்கழித்தார். 1685இல் அவர்களது உரிமைகளை அறவே நீக்கினார். அகுஸ்தீனின் அந்தப் பழைய மடல்கள் பிரெஞ்சில் பெயர்க்கப்பட்டு அதே ஆண்டில் பாரிசில் அச்சாயின. மறு ஆண்டிலேயே பியேர் பேல், நம் உவமையின் அந்த ஒரு கட்டளையை மட்டும் தலைப்பாகக் கொண்டு ஒரு முழு நூல் எழுதத் தொடங்கினார். அவருடைய அண்ணன், இவர் எழுதிய நூலொன்றின் பொருட்டுப் பிடிக்கப்பட்டுச் சிறையிலேயே இறந்திருந்தார்.

ஆனால் அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னரே, இந்த வினைச்சொல்லை எழுத்தோடு விடாமல் நிலத்தில் சோதித்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ் 1502இல் கரீபியத் தீவுகளுக்கு வந்து, மற்ற இசுப்பானியரைப் போலவே அடிமை உழைப்பில் வாழ்ந்தவர். 1514இல் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த பழங்குடியினரை விட்டுவிட்டார். பின்னர்ச் சாமிநாதர் சபையில் சேர்ந்தார். மக்கள் அனைவரையும் மெய்ம்மறைக்கு அழைக்கும் ஒரே வழியைப் பற்றி அவர் இலத்தீனில் எழுதிய பெருநூலில் மூன்று அதிகாரங்களே நமக்குக் கிடைத்துள்ளன. அவையே தடித்த நூலாகும் அளவுக்கு நீண்டவை. சொன்னதையே சொல்லும் வழக்கமும் அவருக்கு உண்டு. ஆனால் கருத்து தெளிவு: அறிவைக் காரணங்களால் இணங்கவைக்க வேண்டும், விருப்பத்தை மென்மையாக ஈர்க்க வேண்டும், இது எல்லாக் காலத்துக்கும் எல்லா மக்களுக்கும் ஒரே வழி. அரசர்களுக்கு முந்திய காலம், பிந்திய காலம் என்ற அகுஸ்தீனின் பிரிவினை இங்கே இல்லை.

அப்படியானால் செய்து காட்டும் என்று குடியேறியோர் எள்ளினர். இன்றைய குவாத்தமாலாவில் துசுலுத்லான் என்றொரு மலைநாடு இருந்தது. இசுப்பானியப் படைகள் நுழைந்து வெல்ல முடியாமற்போனதால் அதற்குப் போர்நாடு என்றே பெயர். 1537 மே 2ஆம் நாள் ஆளுநர் மல்தொனாதோவுடன் லாஸ் காசாஸ் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்: துறவியர் தவிர எந்த இசுப்பானியரும் ஐந்தாண்டுகள் அந்நாட்டுக்குள் நுழையக்கூடாது, அம்மக்களை யாருக்கும் உழைப்பாளராகப் பங்கிட்டுக் கொடுக்கக்கூடாது. மென்சொல்லின் முதல் நிபந்தனை, தன் பக்கத்து ஆயுதத்தைத் தள்ளி நிறுத்துவது என்பதை அவர் அறிந்திருந்தார். சபையின் வரலாற்றாசிரியர் ரெமேசால் 1619இல் எழுதியதன்படி, துறவியர் மறைவரலாற்றை அந்நாட்டு மொழியில் பாடல்களாக்கி, அங்கே போய்வந்த வணிகர்களுக்குக் கற்பித்தனர். தலைவன் ஒருவனது இல்லத்தில் இரவுதோறும் அப்பாடல்கள் ஒலித்தன. கேட்டவர்கள் இவற்றை இயற்றியவரை அழைத்துவரச் சொன்னார்கள். இந்தக் கதையில் புனைவு கலந்திருக்கிறது என்பது பிற்கால ஆய்வாளர் கருத்து. புனைவை நீக்கினாலும், படையின்றி நாடு திறந்தது என்பது நிற்கிறது. போர்நாடு என்னும் பெயர் போய், மெய்ச்சமாதானம் என்று பொருள்படும் ‘வெராபாஸ்’ என்னும் பெயர் வந்தது. இன்றும் குவாத்தமாலாவின் நிலப்படத்தில் இருக்கிறது.

முடிவு இனியதன்று. 1555இல், வெராபாசின் விளிம்பில் இருந்த அக்கலா மக்களிடையே சாமிநாதர் சபைத் துறவி தொமிங்கோ தெ விக்கோ கொல்லப்பட்டார். அந்நாட்டு மொழிகளை ஆழக் கற்றவர் அவர். பழிவாங்கும் படை பின்தொடர்ந்தது. மென்மை தோற்றது என்று அன்றும் சிலர் சொன்னார்கள். அதற்கு முன்பே, 1550, 1551 ஆண்டுகளில் வல்லதோலிதில் அரசர் கூட்டிய அவையில், செபுல்வேதா என்னும் அறிஞர் லூக்காவின் அந்த வினைச்சொல்லைக் காட்டியே பழங்குடியினர்மேல் போர் தொடுப்பதை நியாயப்படுத்தியிருந்தார். லாஸ் காசாஸ் அங்கே நாள்கணக்கில் மறுமொழி வாசித்தார். உவமையில் வரும் கட்டாயம் உள்ளத்தில் நிகழ்வது, இறைவனே செய்வது என்பது அவர் தந்த விளக்கம். நடுவர்கள் தீர்ப்பு எதையும் வெளியிட்டதாகத் தெரியவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7ஆம் நாள், சமயச் சுதந்திரம் குறித்த அறிக்கையை 2308 வாக்குகளால் ஏற்றது, எதிர்த்தவை 70. அதன் முதற்பகுதியிலேயே, உண்மை தன் சொந்த ஆற்றலால் மட்டுமே, இனிமையாகவும் அதேவேளையில் உறுதியாகவும் உள்ளத்துள் நுழைகிறது என்று படிக்கிறோம். இனிமையாக என்பதற்கு இலத்தீன் மூலத்தில் உள்ள சொல் ‘சுவாவித்தெர்’. நம் வினையின் உடன்பிறப்பு. பின்னால் ஓரிடத்தில், இறைமக்களின் வரலாற்றில் நற்செய்தியின் உணர்வுக்கு ஒவ்வாத நடைமுறைகள் அவ்வப்போது இருந்ததையும் சங்கம் ஒப்புக்கொள்கிறது.

அறிக்கையின் நான்காம் எண் அதிகம் படிக்கப்படுவதில்லை. சமயக் குழுக்களுக்குத் தம் நம்பிக்கையை அறிவிக்கும் உரிமை உண்டு என்று கூறிவிட்டு, எந்தவகைச் செயல்முறையைத் தவிர்க்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. கட்டாயம் முதலில் வருகிறது. அதை அடுத்து, ‘சுவாதேரே’யிலிருந்தே பிறந்த பெயர்ச்சொல் வருகிறது, நேர்மையற்ற என்னும் அடைமொழியோடு. இலத்தீனின் மிக இனிய வினைக்கு இப்படி ஓர் அடைமொழி தேவைப்பட்டது. சிசிலியின் குத்தகைக் கணக்கை அறிந்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும். யாரிடத்தில் இந்த எச்சரிக்கை சிறப்பாகப் பொருந்தும் என்பதையும் அதே வாக்கியம் சொல்கிறது: கல்வி குறைந்தோரிடத்தும், வறியோரிடத்தும். உவமையின் பணியாளர் வேலியோரத்தில் கண்டவர்களும் அவர்கள்தாம்.